கூட்டுப்புழுவைத் தொடாதீர்கள்

வண்ணத்துப்பூச்சி வளர்க்கிறவர்கள் புழுப்பருவத்தில் கண்ணும் கருத்துமாக இருப்பார்கள். புழு கூட்டுப்புழுவானதும் இனி ஆபத்தில்லை என்று நினைத்து, கையில் எடுத்துப் பார்ப்பார்கள், இடம் மாற்றுவார்கள். அந்தப் பருவத்தில் இரண்டு கட்டங்கள் மிக நொய்மையானவை: புழு தலைகீழாகத் தொங்கத் தொடங்கும் நாளும், பூச்சி வெளிவரும் நேரமும். இவ்விரண்டிலும்தான் நம் கையால் அதிகம் சாகின்றன.

புழு பெரும்பாலும் ஐந்து வளர்நிலைகளைக் கடக்கும். ஒவ்வொரு முறை தோலுரிக்கவும் எக்டைசோன் ஹார்மோன் தூண்டுகிறது. உடலில் இளமை ஹார்மோன் இருக்கும்வரை, உரித்தபின் வருவதும் புழுதான். கடைசி நிலையில் அது வற்றினால்தான் கூட்டுப்புழு உருவாகும். பைரிப்ராக்சிஃபென் போன்ற பூச்சிக்கொல்லிகள் இளமை ஹார்மோனைப் போலவே வேலை செய்பவை. அவை பட்ட இலையைத் தின்ற புழு நன்றாகத் தின்று பருத்தாலும், ஒழுங்கான கூட்டுப்புழுவாக மாறாமல் இறந்துவிடும். மருந்து அடித்த செடியின் இலையைப் பறித்துப் போடாதீர்கள்.

நேரம் நெருங்கிய புழு தின்பதை நிறுத்தி, குடலைக் காலி செய்யும். எச்சம் உருண்டையாக இல்லாமல் நீர்த்து வரும். பிறகு அது ஓயாமல் அலையும். நோய் என்று பயந்து பெட்டியைக் கழுவ வேண்டாம், இடம் தேடுகிறது. எருக்கிலையில் வளரும் வரியன் வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள் பட்டு முடிச்சு ஒன்று நூற்று, பின்முனையால் பற்றி, ஆங்கில 'J' எழுத்தைப் போல வளைந்து தொங்கும். எலுமிச்சையில் வளரும் அழகி வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள் இடுப்பில் ஒரு பட்டு நூலும் கட்டிக்கொள்ளும். அந்துப்பூச்சிகளில் பல பட்டுக்கூடு பின்னும். பருந்து அந்துப்பூச்சிகள் பல மண்ணுக்குள் இறங்கும், அவற்றுக்கு எட்டு, பத்து செ.மீ. ஆழத்துக்குப் பொலபொலப்பான ஈரமண் வேண்டும். வெறும் தரையில் விட்டால் அலைந்தே சோர்ந்துவிடும்.

தோல் பின்னோக்கி உரிந்து போனதும் வெளிப்படும் உறை முதல் சில மணி நேரம் வெண்ணெய் போல மென்மையாக இருக்கும். விரல் பட்டால் பள்ளம் விழும், இறக்கை உருவாகும் இடம் கெடும். குறைந்தது ஒரு நாள் விட்டுவிடுங்கள்.

உள்ளே எல்லாமே குழம்பாகிவிடும் என்பார்கள், அது பாதி உண்மைதான். புழுத் தசைகளில் பெரும்பகுதி கரையும், குடல் மாற்றி அமைக்கப்படும். ஆனால் இறக்கை, கால், உணர்கொம்புக்கான சிறு செல் தட்டுகள் புழுவிலேயே உறங்கிக்கிடப்பவை, இப்போது அவை விரிந்து வளரும். 2013-இல் உயிருள்ள கூட்டுப்புழுவை எக்ஸ்ரே கொண்டு பல முறை படம் பிடித்தபோது, மூச்சுக்குழாய்கள் முதல் நாளிலேயே ஒழுங்காக அமைந்திருந்தது தெரிந்தது. புழுவாகக் கற்ற வாசனை வெறுப்பை அந்துப்பூச்சி நினைவில் வைத்திருந்ததையும் 2008-இல் ஓர் ஆய்வு காட்டியது.

உறை தெளிந்து இறக்கை நிறம் தெரிந்தால் ஒரு நாளுக்குள் வெளிவரும். கறுத்து, தொளதொளத்து, நாற்றமடித்தால் செத்துவிட்டது, உடனே அகற்றுங்கள்.

வெளிவந்த பூச்சிக்கு வயிறு பருத்தும், இறக்கை கசங்கியும் இருக்கும். தொங்கியபடியே வயிற்றிலுள்ள நீரை இறக்கை நரம்புகளுக்குள் தள்ளும். இறக்கை விரிய சில நிமிடங்களும், விறைத்து உறுதியாக ஒன்றிரண்டு மணி நேரமும் ஆகும். அதற்குள் தரையில் விழுந்தால் கரடுமுரடான குச்சியை அருகில் நீட்டுங்கள், தானே ஏறிக்கொள்ளும். நசுங்கிய நிலையில் காய்ந்த இறக்கை பிறகு விரியாது. அதனால்தான் கூட்டுப்புழுவுக்குக் கீழே ஒரு கையளவு வெற்றிடம் அவசியம். கூடு விழுந்துவிட்டால் நுனியிலுள்ள காம்பில் நூல் கட்டித் தொங்கவிடலாம், உறை இறுகிய பிறகு மட்டும்.

உறையைப் பிளந்து உதவ வேண்டாம். அது முண்டி வெளிவர முடியவில்லை என்றால் பெரும்பாலும் நோயோ, ஒட்டுண்ணியோ, காற்றில் ஈரமின்மையோதான் காரணம். சிவந்த திரவம் சொட்டினால் இரத்தமென்று நடுங்க வேண்டாம், உறைக்குள் சேர்ந்த கழிவு. வாய் வளராத பட்டு அந்துப்பூச்சிக்குச் சர்க்கரைத் தண்ணீர் வைத்துப் பயனில்லை. இணை தேடுவதற்குத் திறந்தவெளி இருந்தால் போதும்.