வால் நுனியில் ஓர் எடைக்கல்

சுவீடனின் ஓலாந்து தீவில் வெட்டியெடுக்கும் செந்நிறச் சுண்ணாம்புக்கல்லைத் தரைக்கும் படிக்கட்டுக்கும் போடுவது அங்கே பல நூற்றாண்டுப் பழக்கம். அந்தத் தரையைக் குனிந்து பார்த்தால், சீவிய பென்சில் போல நீண்ட உருவங்கள் தெரியும். சீரான இடைவெளியில் குறுக்குக் கோடுகள், நெடுக ஒரு குழாய். சுமார் 46 கோடி ஆண்டுகளுக்கு முன், ஆர்டோவிசியன் காலக் கடலில் வாழ்ந்த தலைக்காலிகளின் ஓடுகள் இவை. கணவாய்க்கும் ஆக்டோபஸுக்கும் தூரத்துச் சொந்தம்.

இவற்றில் எண்டோசெரிட் என்ற குழுதான் பிரம்மாண்டமானது. ஹார்வர்டு அருங்காட்சியகத்தில் இருக்கும் ஓர் ஓடு உடைந்த நிலையிலேயே 3 மீட்டர் நீளம். முழு ஓடு 9 மீட்டர் இருக்கும் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள்; அதற்கு ஆதாரம் போதாது, 6 மீட்டருக்குள் என்பதே நம்பத்தக்க கணிப்பு. அதுவே பெரிய வியப்புதான். சீனாவில், இதற்கும் முந்தைய கேம்பிரியன் காலப் பாறைகளில் கிடைத்த மிகப் பழைய தலைக்காலியான பிளெக்ட்ரோனோசெரஸ் விரல்நுனி அளவே இருந்தது.

சரி, இவ்வளவு நீளமான சுண்ணாம்பு ஓட்டைத் தூக்கிக்கொண்டு எப்படி மிதந்தது?

ஓட்டின் உள்ளே மூங்கில் மாதிரி கணுக்கணுவாக அறைகள். விலங்கு வாய்ப்பக்கத்துக் கடைசி அறையில்தான் குடியிருக்கும். வளர வளர முன்னே நகர்ந்து, பின்னால் ஒரு சுவர் எழுப்பிக்கொள்ளும். புது அறையில் முதலில் நீர்தான் இருக்கும். எல்லாச் சுவர்களையும் துளைத்துக்கொண்டு நுனி வரை போகும் சைஃபங்கிள் குழாய்க்குள் ஒரு சதைத்திரி உண்டு. அதன் செல்கள் அறைநீரிலிருந்து உப்பை இழுத்துக்கொள்ளும். உப்பு சேர்ந்த பக்கம் நீரும் போகும். மாங்காய்த் துண்டில் உப்பைப் போட்டு வைத்தால் தண்ணீர் விடுகிறதே, அதே கதைதான். காலியான இடத்தில் வாயு மெல்லக் கசிந்து நிரம்பும். இன்றும் உயிரோடிருக்கும், சுருள் ஓடு கொண்ட தலைக்காலியான நாட்டிலஸில் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். அறைக்குள் வாயுவின் அழுத்தம் நாம் சுவாசிக்கும் காற்றின் அழுத்தத்தைவிடக் குறைவு. அதாவது வாயுவைப் பம்பு அடித்து ஏற்றுவதில்லை; கடலின் அழுத்தத்தை ஓடு மட்டுமே தாங்குகிறது.

இங்கேதான் சிக்கல். வாயு முழுக்க நுனிப்பக்கம், கனமான உடல் வாய்ப்பக்கம். நேரான ஓடு என்றால் தூண்டில் தக்கை போல நுனி மேலே போய், தலை கீழே தொங்கும். எடை வைக்காத நேர் ஓட்டு மாதிரிகளை முப்பரிமாண அச்சில் செய்து நீரில் விட்டபோதும் அப்படித்தான் நின்றன.

எண்டோசெரிட் இதற்குச் செய்த ஏற்பாடுதான் என்னை மிகவும் கவர்ந்தது. அதன் சைஃபங்கிள் குழாய் மிக அகலம். அந்தக் குழாயின் நுனியிலிருந்து தொடங்கி, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய கடலைப் பொட்டலங்கள் போலச் சுண்ணாம்புக் கூம்புகளை அடுக்கிக்கொண்டே வந்தது. வால் நுனியில் தானே சுரந்து வைத்த எடைக்கல்! அந்தக் குழாயும் ஓட்டின் அடிவயிற்று ஓரமாகவே ஓடியது. தோணியின் அடியில் பாரம் வைத்தது போல, உருண்டுவிடாமல் நிலைநிறுத்த இது உதவியிருக்கும். உடல் எந்த அளவுக்குக் கிடையாக நின்றது என்பதில் மட்டும் ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை.

உறவினர்கள் வேறு வழிகளைப் பிடித்தார்கள். ஆர்த்தோசெரிட்கள் அறைகளுக்குள்ளேயே சுண்ணாம்பைப் படியவிட்டன. அஸ்கோசெரிட்கள் வளர்ந்தபின் நுனியையே உடைத்து உதிர்த்துவிட்டன. இன்னும் சில ஓட்டைச் சுருட்டிக்கொண்டன. வாயுவறைகள் உடலுக்கு மேலேயே வந்துவிட்டதால் தனி எடை தேவைப்படவில்லை. வைணவ வீடுகளில் பூஜையில் இருக்கும் சாளக்கிராமச் சுருள், அப்படிச் சுருண்ட அம்மோனைட் என்ற அழிந்துபோன தலைக்காலியின் தடம்தான், காலத்தால் மிகவும் பிந்தியது.

ஓலாந்து தரையைப் பார்க்க வாய்த்தால் இரண்டைக் கவனியுங்கள். ஓர் அறையில் பாதி மங்கலான சேறாகவும் பாதி வெண்படிகமாகவும் இருந்தால், சேறு இருக்கும் பக்கம்தான் அன்று கடல்தரையை நோக்கிக் கிடந்தது. அப்புறம், நெடுகப் போகும் குழாய் அகலமாக ஓர் ஓரம் ஒதுங்கியிருந்தால் அது எண்டோசெரிட்டாக இருக்கலாம். பல இடங்களில் மெல்லிய ஓடு நொறுங்கி மறைந்து, கூம்புகள் அடைத்த குழாய் மட்டும் ஈட்டிமுனை போலத் தனியே கிடைக்கிறது. மிதப்பைச் சரிக்கட்ட வைத்த பாரம், ஓட்டையும் உடலையும் தாண்டி நிலைத்துவிட்டது.