சொல்லுக்கு இத்தனை சென்ட்: கதைவிளையாட்டு எழுத்தை ஏன் விடுகிறேன்

ஒசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்து இளைஞர்கள் சிலர் வெளிநாட்டு நிறுவனங்களுக்கு மேசைக் கதைவிளையாட்டு எழுதித் தரத் தொடங்கியிருக்கிறார்கள். பெங்களூரு பக்கத்திலேயே இருப்பதால் விளையாட்டுக் குழுக்கள் அறிமுகமாகின்றன. ஆங்கிலம் சரளமாக எழுத வந்தால் வாய்ப்பும் கிடைத்துவிடுகிறது. கையெழுத்திடும் முன் என்னிடம் யோசனை கேட்பவர்களுக்குச் சொல்வதை இங்கே எழுதிவைக்கிறேன். பல ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்துவந்தேன். இந்த ஆண்டோடு நிறுத்துகிறேன். பணம் குறைவு என்பது ஒரு காரணம்தான். பெரிய காரணம் உரிமை.

இந்த விளையாட்டை அறியாதவர்களுக்காக இரண்டு வரி. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி, ஒரு கதையை நடத்திச் செல்வார்கள். அவர்களில் ஒருவர் கதைநடத்துநர். நம் ஊர்க் கூத்தில் கட்டியங்காரன் செய்யும் வேலையில் பாதியை அவர் செய்கிறார். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கி வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இந்தத் துறையைத் தொடங்கிவைத்தது.

கதைநடத்துநர் கையில் வைத்திருக்கும் புத்தகத்தைத்தான் எங்களைப் போன்றவர்கள் எழுதுகிறோம். நாவலாசிரியர் ஒரு பாதையை எழுதினால் போதும். இங்கே ஆட்டக்காரர்கள் எந்தக் கதவைத் திறந்தாலும் உள்ளே ஏதாவது இருந்தாக வேண்டும். கொள்ளைத் தலைவனோடு சண்டையிடுவார்கள் என்று எதிர்பார்த்து எழுதியிருப்போம். அவர்கள் அவனோடு பெண் கொடுத்துப் பெண் எடுக்கப் பேசுவார்கள். அதற்கும் புத்தகம் தயாராக இருக்க வேண்டும். பகைவனின் வலிமையைக் குறிக்கும் எண்களைப் பலமுறை ஆடிப் பார்த்துத்தான் முடிவுசெய்ய முடியும். ஒரு எண் மாறினால் அதைச் சார்ந்த பத்திகள் எல்லாம் மாறும்.

இந்த உழைப்புக்குக் கூலி சொல் கணக்கில்தான். சொல்லுக்கு 5 சென்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20,000 சொல் கொண்ட ஒரு கதைக்கு 1,000 டாலர். ரூபாயில் எண்பதாயிரத்துக்கு மேல் வருகிறது. தருமபுரியில் வாடகை கொடுத்து வாழ்பவருக்கு அது பெரிய தொகையாகத்தான் தெரியும். ஆடிப் பார்த்த நாட்களுக்கு அதில் பணம் இல்லை. பதிப்பாசிரியர் கேட்கும் திருத்தங்களுக்கு இல்லை. முழுப் பகுதியையே தூக்கிப்போட்டு மறுபடி எழுதச் சொன்னாலும் எண்ணப்படுவது கடைசியில் அச்சான சொற்கள் மட்டுமே. ஒப்பிட்டுப் பாருங்கள்: அமெரிக்க அறிவியல் புனைவு எழுத்தாளர் சங்கம் சிறுகதைக்குத் தொழில்முறைக் கூலி என்று ஏற்பது சொல்லுக்கு 8 சென்ட். சிறுகதையை யாரும் பகடை உருட்டிச் சோதிப்பதில்லை.

‘வெளியான பின் பணம்’ என்ற விதி இருந்தால் இன்னும் மோசம். புத்தகங்கள் பலவும் வாசகர்களிடம் முன்பணம் திரட்டி அச்சாகின்றன. ஓவியம் தாமதமானாலும், அச்சகம் தாமதித்தாலும், கப்பல் தாமதமானாலும் காத்திருப்பவர் எழுதியவரே. இந்தியாவில் சிறு, குறு தொழிலாகப் பதிவு செய்தவருக்கு வாங்குபவர் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. கடல் கடந்த பதிப்பாளரிடம் அதைக் காட்டிப் பணம் வாங்க முடியாது.

இதையெல்லாம் சகித்துக்கொண்டு தொடர்ந்திருப்பேன். உரிமை விஷயத்தில்தான் முடியவில்லை.

விளையாட்டின் விதிமுறைக்குப் பதிப்புரிமை கிடையாது. எத்தனை முகப் பகடையை உருட்டுவது, எத்தனை எண் வந்தால் வெற்றி என்பதை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. பாதுகாப்பு உள்ளது எழுத்துக்கு, ஓவியத்துக்கு, படைக்கப்பட்ட மனிதர்களுக்கு. அதாவது அந்தப் புத்தகத்தில் சட்டப்படி சொத்தாக நிற்பதில் பெரும்பகுதி எழுத்தாளர் படைத்தது. அதைத்தான் ‘வொர்க் ஃபார் ஹையர்’, அதாவது கூலிக்கு எழுதியது, என்ற ஒரே பத்தியில் எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். அந்தப் பத்தியின்படி எழுதியவர் சட்டத்தின் கண்ணில் ஆசிரியரே அல்ல, நிறுவனம்தான் ஆசிரியர்.

அமெரிக்கச் சட்டத்தில், ஊழியர் அல்லாதவரின் படைப்பு இப்படி ஆவதற்குக் குறிப்பிட்ட ஒன்பது வகைகளில் ஒன்றாக அது இருக்க வேண்டும். இருதரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தமும் வேண்டும். அது பொருந்தாமல் போனால் என்ன செய்வது என்று யோசித்து, ‘அவ்வாறு கருதப்படாவிட்டால் எல்லா உரிமைகளையும் எழுத்தாளர் இதன்மூலம் ஒப்படைக்கிறார்’ என்று அடுத்த வரியைச் சேர்த்திருப்பார்கள். இரண்டும் ஒன்றல்ல. ஒப்படைத்த உரிமையை 35 ஆண்டுகளுக்குப் பிறகு திரும்பப் பெற அந்நாட்டுச் சட்டம் வழி வைத்திருக்கிறது. கூலிக்கு எழுதியதற்கு அந்த வழியும் இல்லை.

நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் எழுத்தாளரிடம் கொஞ்சம் கருணையோடு நடந்துகொள்கிறது. உரிமையை ஒப்படைக்கும் பத்திரத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று அதன் 19-ஆம் பிரிவு கொள்கிறது. ஆனால் வெளிநாட்டு ஒப்பந்தம் ‘என்றென்றைக்கும், உலகெங்கும்’ என்று தவறாமல் குறிப்பிட்டுவிடும். வழக்கையும் தங்கள் மாநிலச் சட்டத்தின் கீழ் வைத்துக்கொள்ளும்.

இது என் வேலையில் என்ன செய்தது என்று சொல்கிறேன். தருமபுரி அகழ்வைப்பகத்து நடுகற்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவற்றில் பல ஆநிரை கவர்ந்த, மீட்ட சண்டைகளில் இறந்தவர்களுக்கு நட்டவை. அதை வைத்து ஒரு கதை எழுதினேன். மாடு பறிகொடுத்த ஊர், மீட்கப் போன அண்ணன், அவனுக்குக் கல் நட மறுக்கும் பங்காளிகள், ஆற்றைக் கடத்திவிடும் ஒரு பரிசல்காரி. நடுகல்லும் ஆநிரைப் போரும் எவருக்கும் சொந்தமில்லை. அவற்றை நான் மறுபடி எழுதலாம். அந்தப் பரிசல்காரியை எழுத முடியாது. அவள் பெயர், பேச்சு, அவள் கதை எல்லாம் ஒகேனக்கல்லைப் பார்த்திராத ஒரு நிறுவனத்தின் சொத்து. அவளை வைத்துத் தமிழில் நாவல் எழுத அனுமதி கேட்டேன். மறுத்துவிட்டார்கள். ஒப்பந்தப்படி அவர்கள் சொன்னது சரி. சரியாக இருப்பதால்தான் இத்தகைய ஒப்பந்தங்களில் இனிக் கையெழுத்திடமாட்டேன்.

சொந்தமாக வெளியிடலாமே என்று கேட்கிறார்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்கான கதைகளை எழுதுபவர்களே இணையத்தில் விற்பதற்காக 2016-இல் தொடங்கிய டிஎம்ஸ் கில்ட் தளத்தில் விற்பனையில் பாதி படைப்பாளிக்கு வரும். ஆனால் அங்கே வெளியிட்டதை வேறெங்கும் வெளியிடக்கூடாது. அந்த விளையாட்டின் விதிகளைப் பிறரும் பயன்படுத்தி வெளியிட அனுமதித்த ‘திறந்த உரிமத்தை’ நம்பி எழுதியவர்களும் 2023 ஜனவரியில் கலங்கினார்கள். 2000-இலிருந்து நிலவிவந்த அந்த உரிமத்தை மாற்றும் வரைவு கசிந்தது. ஆண்டு வருமானம் 7,50,000 டாலரைத் தாண்டினால் தாண்டிய தொகையில் 25 சதவீதம் வரை கேட்டது அது. எதிர்ப்பு வலுத்ததும் அம்மாத இறுதியில் அந்த விளையாட்டை வெளியிடும் நிறுவனம் பின்வாங்கி, அடிப்படை விதித் தொகுப்பை, யாரும் பயன்படுத்தலாம், திரும்பப் பெற முடியாது என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டது. இன்று சொந்தமாக வெளியிட நினைப்பவருக்கு உறுதியான தரை அதுதான்.

ஒப்பந்தம் வந்திருப்பவர்கள் நான்கு விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: கதை ஏற்கப்பட்டதும் பணம், கைவிடப்பட்டால் கூலியில் ஒரு பங்கு, அட்டையில் பெயர், பாத்திரங்களைத் தமிழில் பயன்படுத்தும் உரிமை. கடைசியை மறுத்தால், நீங்கள் பிறகு எழுத விரும்பும் எவரையும் அந்தக் கதைக்குள் விடாதீர்கள். முதல் மூன்றையும் மறுத்தால் கையெழுத்திட வேண்டாம். கேட்டதற்காக வாய்ப்பைத் திரும்பப் பெற்ற பதிப்பாளர் எவரையும் என் அனுபவத்தில் பார்த்ததில்லை.

குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு வெளியிடும் உரிமையை மட்டும் கேட்கும் சிறு பதிப்பாளர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு மட்டும் இனியும் எழுதுவேன்.