மலை நகர்ந்ததைக் கோணம் சொல்லும்

பழைய நிலநடுக்கங்களில் பூமிக்கடியில் எங்கே பிளந்தது, எவ்வளவு நழுவியது என்று கணக்குப் போடுவது என் வேலை. "அந்தக் காலத்தில் கருவியே கிடையாதே, எதை வைத்துக் கணக்குப் போடுகிறீர்கள்?" என்று கேட்பார்கள். தூரத்துப் புள்ளிகளுக்கு இடையே கோணம் அளக்கும் தியோடலைட் இருந்ததே!

1897 ஜூன் 12 மாலை, இன்றைய மேகாலயாவிலுள்ள ஷில்லாங் பீடபூமி குலுங்கியது. ஊரில் கல் கட்டடங்கள் தரைமட்டமாயின. 1,500 பேருக்கு மேல் இறந்தார்கள். பரங்கிமலையில் 1802-ல் வில்லியம் லாம்டன் தொடங்கிவைத்த, இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளந்த மகா முக்கோண அளவை, அதற்குப் பல ஆண்டுகள் முன்பே அந்த மலையுச்சிகளையும் அளந்து முடித்திருந்தது. நிலநடுக்கத்துக்குப் பின் அதே உச்சிகளில் சிலவற்றை மறுபடி அளந்தார்கள். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஓல்டாம் 1899-ல் வெளியிட்ட அறிக்கையில் அந்த அளவுகள் பத்திரமாக இருக்கின்றன.

ஓர் உச்சி பார்வைக் கோட்டுக்குக் குறுக்கே 5 மீட்டர் நகர்ந்தால், 50 கி.மீ. தள்ளி நிற்பவருக்குக் கோணம் சுமார் 20 விநாடி மாறும். ஒரு டிகிரியில் 3,600 விநாடி. கேட்கச் சின்ன எண்தான், ஆனால் நல்ல தியோடலைட்டுக்கு அது தப்பாது. சிக்கல் வேறிடத்தில். மறு அளவையில் எதையாவது 'அசையாத கோடு' என்று வைத்துக்கொண்டுதான் மற்ற தூரங்களைக் கணக்கிட வேண்டும். அந்தக் கோடே சுருங்கியிருந்தால், மற்றதெல்லாம் நீண்டுவிட்டதாகக் காட்டும். அதனால் நான் யாருடைய தூரத்தையும் அப்படியே எடுப்பதில்லை, கோணங்களுக்குத்தான் போவேன். பழைய பதிவேட்டில் மங்கிய 8 ஒன்றை 3 என்று படித்து, இல்லாத வளைவை ஒரு வாரம் துரத்தியிருக்கிறேன். இப்போது ஒவ்வொரு முக்கோணத்தையும் கூட்டி, 180 டிகிரியோடு பூமியின் வளைவுக்கான சிறு மிகையும் சரியாக வருகிறதா என்று பார்த்த பிறகே கணக்குக்குள் விடுகிறேன்.

2001-ல் ரோஜர் பில்ஹாம், பிலிப் இங்கிலாந்து என்ற இரு ஆய்வாளர்கள் இந்த அளவுகளை மறுபடி ஆராய்ந்தபோது, இமயத்துக்கு அடியில் வடக்கே சரியும் பிளவுதான் காரணம் என்ற பழைய நம்பிக்கை ஆட்டம் கண்டது. பிளவு பீடபூமியின் வடக்கு விளிம்பில், தெற்கு நோக்கிச் செங்குத்தாகச் சரிந்து இறங்கியது. நீளம் சுமார் 110 கி.மீ., நழுவல் பத்து மீட்டருக்கும் மேல். பின்னர் அவர்களே திரும்பக் கணக்கிட்டபோது நீளம் குறைந்து, நழுவல் கூடியது. இது தோல்வி அல்ல. அளந்த புள்ளிகள் கொஞ்சமாக இருந்தால், நீளமான பிளவில் குறைந்த நழுவலும், குட்டையான பிளவில் அதிக நழுவலும் ஏறக்குறைய ஒரே கோண மாற்றத்தைத் தரும். ஆகவே ஒற்றை எண்ணோடு வரும் அபாய வரைபடத்தைக் கண்டால், பிழை வரம்பு எவ்வளவு என்று கேளுங்கள்.

ஷில்லாங் மக்கள் இந்தக் கணக்குக்குக் காத்திருக்கவில்லை. மரச்சட்டம், நாணல் தட்டி, மேலே தகரம் என்று இலேசான வீட்டுக்கு மாறினார்கள். அந்த 'அசாம் வகை' வீடுகளை இடித்து, அதே சரிவுகளில் கான்கிரீட் மாடிகள் எழுவதைப் பார்க்கும்போது எனக்கு உறுத்துகிறது.

இன்னொரு வேண்டுகோள். மலையுச்சியில் வட்டமும் நடுவே புள்ளியும் செதுக்கிய கல்லைக் கண்டால், அது பழைய அளவைக் குறி, பெயர்க்காதீர்கள், கோபுரம் நட அதை உடைக்கவும் விடாதீர்கள். அதே புள்ளியின் மேல்தான் நாங்கள் ஜிபிஎஸ் கருவியை நிறுத்த வேண்டியிருக்கிறது.