சுவர் விரிசலுக்குப் பூமித்தட்டின் மேல் பழி போடாதீர்கள்

போன வாரம் மன்னார்குடிப் பக்கம் விரிசல் விட்ட ஒரு வீட்டைப் பார்க்கப் போயிருந்தேன். கட்டி ஆறு வருடம்தான். கூடத்தில் ஜன்னல் மூலையிலிருந்து படிப்படியாக இறங்கும் விரிசல். சுண்டுவிரல் நுனி உள்ளே போகிறது. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியர். "தம்பி, நமக்கு அடியில தட்டு நகருதாம், டெல்டாவே பிளக்கப் போகுதாம்" என்று வாட்ஸ்அப் வீடியோவைக் காட்டினார். அதை நம்பி, வீட்டை வந்த விலைக்குத் தள்ளிவிடப் பேசிக்கொண்டிருந்தார். இந்த வருடம் இதே கதையைக் கேட்பது நாலாவது வீட்டில். இனியும் எழுதாமல் இருந்தால் தப்பு.

பூமியின் மேல் ஓடு பெரிய பெரிய துண்டுகளாக இருக்கிறது, அவைதான் தட்டுகள். தட்டு நகர்வது உண்மை. 1912-ல் ஜெர்மன் விஞ்ஞானி வெகெனர் கண்டங்கள் நகர்கின்றன என்றபோது பலரும் ஏற்கவில்லை. 1960-களில் கடலடி ஆய்வுகள் அவர் பக்கம் நின்றன. இந்தியத் தட்டு வருடத்துக்குச் சுமார் 5 செ.மீ. வடகிழக்காகப் போகிறது. ஆனால் தயவுசெய்து இதைக் கவனியுங்கள்: உங்கள் வீடு, பக்கத்து வீடு, வயல், வாய்க்கால் எல்லாமே ஒரே தட்டின் மேல் சேர்ந்தே போகின்றன. தஞ்சைப் பெரிய கோயில் 1010-ல் குடமுழுக்கு கண்டது. அன்றிலிருந்து கணக்குப் போட்டால் ஏறக்குறைய 50 மீட்டர் நகர்ந்திருக்கிறது. அதனால் ஒரு கல் விலகவில்லை. தட்டுகள் முட்டுவது ஓரங்களில்: வடக்கே இமயமலையில், கிழக்கே அந்தமான், சுமத்ரா பக்கம். நாம் உள்பகுதியில் இருக்கிறோம். உள்பகுதியிலும் நிலநடுக்கம் வரும், 1993-ல் மகாராஷ்டிராவின் லாத்தூரில் வந்ததே சாட்சி. ஆனால் அது ஊரையே ஆட்டும். ஒரே வீட்டின் ஒரே சுவரைச் சித்திரையில் பிளந்து ஐப்பசியில் மூடாது.

"நம்ம பூமிக்கடியில பிளவு இருக்கே சார்?" என்று அடுத்து கேட்பார்கள். இருக்கிறது. சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா அண்டார்டிகாவை விட்டுப் பிரிந்தபோது பாறை இழுபட்டு இறங்கிய பள்ளம் அது. பிறகு கடலும் ஆறும் அதைக் கிலோமீட்டர் கணக்கில் வண்டலால் நிரப்பின. நாகப்பட்டினம் பக்கத்து நரிமணத்தில் எடுக்கும் எண்ணெய் அந்தப் பள்ளம் தந்ததுதான்.

சுவரைப் பிளப்பது அந்தப் பிளவு இல்லை, களிமண். டெல்டாவின் கருங்களி தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். கோடையில் வயல் வெடிப்பைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆசிரியர் வீட்டுக்கு அஸ்திவாரம் மூன்றடிதான். ஒரு மூலையில் வேப்பமரம் ஈரத்தை உறிஞ்சுகிறது, மறு மூலையில் குளியலறைத் தண்ணீர் ஊறுகிறது. நடுவில் மாட்டிய சுவர் என்ன செய்யும்? விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சிமெண்டால் ஒட்டி, தேதி எழுதிவிட்டு வந்தேன். கண்ணாடி உடைந்தால் விரிசல் இன்னும் வளர்கிறது என்று அர்த்தம். அதைப் பார்க்காமல் பட்டி பூசுவது காசுக்குக் கேடு.

மண் பரிசோதனை செய்யாமல் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டாதீர்கள். டைல்ஸுக்கு யோசிக்காமல் கொடுக்கிறீர்கள், இதற்கு மட்டும் ஏன் கணக்குப் பார்க்கிறீர்கள்? தூர்த்த குட்டையில் கட்டாதீர்கள். "எப்பவும் இவ்வளவுதான் சார்" என்று மேஸ்திரி சொன்னாலும் ஈரம் மாறாத ஆழம் வரை போகச் சொல்லுங்கள். முடியாவிட்டால் அடியில் குமிழ் விட்ட பைல், அதாவது மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் கான்கிரீட் தூண், போடலாம். கழிவுநீர்க் குழி சுவரை விட்டுத் தள்ளியே இருக்கட்டும். வீட்டைச் சுற்றித் தளம் போடுங்கள்.

தட்டு நம்மை உண்மையில் அடித்தது கடல் வழியாக. 2004 டிசம்பர் 26 காலை ஆறரை மணிக்குச் சுமத்ரா அருகே கடலடி எழும்பியது. ஒன்பது மணிவாக்கில் நாகப்பட்டினத்தில் அலை. 2012 ஏப்ரலில் அங்கேயே 8.6 அளவில் அதிர்ந்தது. தரை பக்கவாட்டில் நகர்ந்ததால் பெரிய அலை எழவில்லை. அதை வைத்து "சும்மா பயமுறுத்தினாங்க" என்று சொல்லாதீர்கள். கடல் திடீரென உள்வாங்கினால் வேடிக்கை பார்க்கப் போகாமல், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கரையை விட்டு ஓடுங்கள். எச்சரிக்கையை விலக்கும்வரை திரும்பாதீர்கள்.

ஆசிரியர் ஐயா, வீட்டை விற்க வேண்டாம். குளியலறைக் குழாயை இந்த வாரமே மாற்றிவிடுங்கள். கண்ணாடி உடைந்தால் போன் பண்ணுங்கள், வருகிறேன்.