தலைகீழா நட்ட குச்சி ஏன் பிடிக்கல?

தவசிக்கீரை குச்சி ஆறு வெட்டி ஒரே தொட்டில நட்டேன், நாலு பிடிச்சது, ரெண்டு பிடிக்கல. ஒரே செடி, ஒரே நாள், ஒரே கத்தி, ஒரே மண்ணு. அப்புறம் என்னதான் பிரச்சனைனு ரெண்டையும் பிடுங்கி வெளிச்சத்துல வச்சுப் பாத்தா, இலை எல்லாத்தையும் மொத்தமா உருவிட்டு எது மேல் எது கீழ்னு கவனிக்காம தலைகீழா சொருகியிருக்கேன். எப்படிக் கண்டுபிடிச்சேன்னா, ஒவ்வொரு கணுலயும் இலை உதிர்ந்த இடத்துல சின்னதா பிறை மாதிரி ஒரு தழும்பு இருக்கும், அதுக்கு நேர் மேலதான் குட்டியூண்டு மொட்டு உக்காந்திருக்கும். தழும்பு கீழ, மொட்டு மேல, இது எந்தச் செடிலயும் மாறாது. என் குச்சில மொட்டு கீழ இருந்துச்சு, அவ்வளவுதான்.

சரி, ஆனா ஒரு குச்சிக்கு எது மேல எது கீழனு எப்படித் தெரியும்? புவியீர்ப்பு விசையாலன்னு நினைக்கத் தோணும். 1878-ல ஃபோக்டிங்னு ஒரு ஜெர்மன் தாவரவியலாளர் இத சோதிச்சுப் பாத்திருக்காரு. வில்லோ மரக் குச்சிகள ஈரமான கூண்டுக்குள்ள சிலத நேராவும் சிலத தலைகீழாவும் தொங்கவிட்டாரு, எப்படித் தொங்கவிட்டாலும் மரத்துல இருந்தப்ப எது அடிப்பக்கமா இருந்துச்சோ அங்கதான் நிறைய வேர் வந்துச்சு, எது நுனிப்பக்கமோ அங்கதான் துளிர் வந்துச்சு. அதாவது திசை குச்சிக்கு உள்ளயே இருக்கு.

அந்தத் திசையத் தர்றது ஆக்சின்னு ஒரு ஹார்மோன். இதோட கதை 1880-ல டார்வினும் அவரு பையன் ஃபிரான்சிஸும் புல்லோட முளைய வச்சு செஞ்ச சோதனைலயே ஆரம்பிக்குது. முளையோட நுனிய மூடிட்டா அது வெளிச்சத்தப் பாத்து வளையல, அப்ப நுனில இருந்து ஏதோ ஒண்ணு கீழ இறங்கி வந்து வளையச் சொல்லுதுனு முடிவுக்கு வந்தாங்க. அந்த ‘ஏதோ ஒண்ண’ 1920கள்ல டச்சுக்காரர் வென்ட் ஓட்ஸ் முளையோட நுனிய வெட்டி ஜெல்லி மாதிரி கட்டி மேல வச்சு அதுக்குள்ள இறங்க வச்சுப் பிடிச்சாரு, கொஞ்ச வருஷத்துல, 1935 வாக்குல, குச்சில வேர் வர வைக்கிறதும் இதே சாமான்தான்னு தெரிஞ்சுபோச்சு.

ஆக்சின் முக்கியமா கொழுந்துலயும் இளசான இலைலயும் தயாராகுது. அங்கிருந்து தண்டு வழியா கீழ இறங்குது, தண்ணி மாதிரி ஓடுறது இல்ல, ஒவ்வொரு செல்லும் தன்னோட கீழ்ப்பக்கத்துல இருக்குற புரத வாசல் வழியா அடுத்த செல்லுக்குத் தள்ளிவிடுது, அது அதுக்கு அடுத்ததுக்குத் தள்ளுது. வேகம் ஒரு மணி நேரத்துக்கு சுமாரா 1 சென்டிமீட்டர். வாசல் கீழ்ப்பக்கம்தான் இருக்குங்கறதால குச்சியத் திருப்பி நட்டாலும் அது பழைய கீழ்ப்பக்கத்துக்கேதான் போகும். என் ரெண்டு குச்சிலயும் வேர் வரவேண்டிய முனை காத்துல காய்ஞ்சுகிட்டு இருந்துருக்கு, துளிர் வரவேண்டிய முனை மண்ணுக்குள்ள அழுகிட்டு இருந்துருக்கு. சில செடிங்க இதையும் சமாளிச்சுப் பிழைச்சுக்கும், ஆனா எதுக்கு அந்த வம்பு.

இப்ப வெட்டுன இடத்துல என்ன நடக்குதுனு பாருங்க. மேல இருந்து ஆக்சின் இறங்கிகிட்டே இருக்கு, கீழ பாதை முடிஞ்சுபோச்சு, அதனால அணை கட்டுன மாதிரி அடிமுனைல தேங்குது. காயம்பட்ட உடனே செடி விடுற ஜாஸ்மோனிக் அமிலம்ங்கற அபாய மணியும் சேர்ந்துக்குது. இது ரெண்டும் சேர்ந்து தண்டுக்குள்ள கேம்பியம், அதாவது பட்டைக்கும் கட்டைக்கும் நடுவுல தண்ட தடிக்க வைக்கிற மெல்லிய அடுக்கு, அது பக்கத்துல இருக்குற சில செல்ல தன் வேலைய விட்டுட்டு மறுபடி குழந்தையா மாறச் சொல்லுது. அந்த செல்லுங்க பிரிஞ்சு பெருகி ஒரு வேர் நுனியா உருவாகி பட்டையக் கிழிச்சுகிட்டு வெளிய வருது. வேர்ல இருந்து வராம தண்டுல இருந்து வர்றதால இதுக்கு வேற்றிட வேர்னு பேரு.

ஆனா இதெல்லாம் ஒரு நாள்ல நடக்காது, செடியப் பொறுத்து ஒரு வாரத்துல இருந்து ஒன்றரை மாசம் வரைக்கும் ஆகும். அதுவரைக்கும் குச்சிக்கு வாய் கிடையாது. வேர் இல்லாம தண்ணி குடிக்கிறது ரொம்பக் கொஞ்சம், இலையோ வழக்கம்போல துளை வழியா ஆவியா விட்டுகிட்டே இருக்கும். அதனால கட்டிங் வைக்கிறதே ஒரு ஓட்டப்பந்தயம்தான், உள்ள இருக்குற தண்ணி தீர்றதுக்குள்ள வேர் வந்துடணும். நாம செய்ற எல்லா வேலையும் இந்தப் பந்தயத்துல குச்சி பக்கம் நிக்கிறதுதான். இலைய உருவுறோம், நிழல்ல வைக்கிறோம், மேல பிளாஸ்டிக் கவர் போட்டு மூடி உள்ள ஈரத்த தங்க வைக்கிறோம், எல்லாம் செலவக் குறைக்கத்தான்.

இங்க நான் செஞ்ச இன்னொரு தப்பு, இலைய முழுசா உருவுனது. பச்சையா இருக்குற இளங்குச்சிக்கு சர்க்கரையும் ஆக்சினும் இலைல இருந்துதான் வரணும், அதனால நுனில ரெண்டு இலைய விடணும், பெருசா இருந்தா பாதியா கத்தரிச்சு விடலாம். முத்துன தடிமனான குச்சின்னா ஒரு இலை கூட வேண்டாம், அதுக்குத் தேவையான மாவுச்சத்து உள்ளயே சேமிப்புல இருக்கு.

அந்த சேமிப்புலதான் ஒரு ஏமாத்து வேலையும் இருக்கு. நட்டு ஒரே வாரத்துல துளிர் வந்துரும், நாமளும் பிடிச்சுருச்சுனு சந்தோஷப்பட்டு வெயில்ல கொண்டு வைப்போம், மூணாம் நாள் தொங்கிரும். துளிர் வந்தா வேர் வந்துருச்சுனு அர்த்தம் இல்ல, சேமிச்சு வச்ச காசுல சாப்பிடுதுனுதான் அர்த்தம். அதுக்காக தினம் பிடுங்கிப் பாக்கவும் கூடாது, நான் பாத்திருக்கேன், வர்ற வேரு அறுந்ததுதான் மிச்சம். ரெண்டு விரலால லேசா இழுத்துப் பாருங்க, மண்ணு விடமாட்டேன்னா வேர் இருக்கு.

எல்லாக் கீரையும் இவ்வளவு கஷ்டப்படுத்தாது. பொன்னாங்கண்ணி தரையில படர்ந்து போகும்போதே மண்ணத் தொடுற கணுல எல்லாம் வேர் விட்டுப் பழகுன செடி, அதனால ஒரு கணு ஈரத்துல பட்டாலே ஒரு வாரத்துக்குள்ள வெள்ளை வெள்ளையா நூல் இறங்கிரும். புதினாவும் அப்படித்தான். கொடிப்பசலையும் சுலபம், சதைப்பிடிப்பான தண்டுல தண்ணி நிறைய இருக்கு, ஒரு ஜாண் தண்டுல ரெண்டு கணு மண்ணுக்குள்ள போற மாதிரி நட்டா போதும். இதுக்கெல்லாம் வேர் ஊக்கிப் பவுடர் வாங்குறது வீண்னுதான் சொல்லுவேன், அந்தப் பவுடர்ல இருக்கறதும் ஆக்சினோட சொந்தக்காரன் ஐபிஏ (இண்டோல் பியூட்டிரிக் அமிலம்) தான், இந்தச் செடிங்க தனக்கு வேணுங்கறத தானே செஞ்சுக்குது.

இதெல்லாம் கண்ணாடி டம்ளர் தண்ணிலயும் வரும், பாக்க அழகாவும் இருக்கும். ஆனா வேர் உருவாக ஆக்சிஜன் வேணும், தேங்குன தண்ணில அது சீக்கிரம் தீர்ந்துரும், அதனால ரெண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணிய மாத்தணும், தண்ணிக்குள்ள ஒரு இலை கூட முங்கக்கூடாது. இன்னொன்னு, தண்ணில வளர்ந்த வேருக்கு மண்ணுத் துகள் இடுக்குல நுழைஞ்சு உறிஞ்சுற வேர்த்தூவி சரியா இருக்காது, மண்ணுக்கு மாத்துனதும் வாடுறது அதனாலதான். வேர் ஒரு இஞ்ச் வந்ததுமே மாத்திட்டு முதல் வாரம் மண்ண நல்லா ஈரமா வச்சுகிட்டா பழகிக்கும். டம்ளர் நிறைய வேர் சுத்துற வரைக்கும் காத்திருந்து மாத்துனா பாதி போயிரும்.

தடிக்குச்சிங்க வேற ரகம். முருங்கைப் போத்து, அதாவது நடுறதுக்குன்னு வெட்டுற கிளை, கை மணிக்கட்டு தடிமன்ல ஒரு மீட்டர் நீளத்துக்கு வெட்டி, வெட்டுன முனைய ரெண்டு மூணு நாள் நிழல்ல ஆறவிட்டு நடணும், உடனே நட்டா அந்த ஈரக்காயம் வழியா பூஞ்சை உள்ள போய் அழுகிரும். போத்து நட்ட மரத்துக்கு ஆணிவேர் கிடையாது, விதைல வந்ததுக்கு உண்டு, அதனால போத்து மரம் பலமான காத்துக்கு சாயும், கீரைக்குன்னா குட்டையா வெட்டிகிட்டே இருக்கப் போறோம், பிரச்சனை இல்ல. சாயா கீரையும் பால் வடியுற குச்சிதான், அதையும் ஆறவிட்டுத்தான் நடணும், அது விதையே அபூர்வமாத்தான் வைக்கும்ங்கறதால மெக்சிகோ பக்கத்துல இருந்து உலகம் முழுக்க குச்சியாவேதான் பரவியிருக்கு.

சாயா பத்தி சொன்னதால இதையும் சொல்லணும், அதைப் பச்சையா சாப்பிடவே கூடாது, இலைல சயனைடு உண்டாக்குற பொருள் இருக்கு, திறந்த பாத்திரத்துல 20 நிமிஷம் கொதிக்கவிட்டா அது ஆவியாப் போயிரும். தவசிக்கீரையும் சமைச்சு அளவா சாப்பிடுறதுக்குத்தான், 1990கள் நடுவுல தைவான்ல உடம்பு இளைக்கும்னு பச்சைச் சாறா தொடர்ந்து குடிச்ச பலருக்கு நுரையீரல்ல சின்ன மூச்சுக்குழாய் அடைச்சு, திரும்ப சரியாகாத அளவுக்குப் போச்சு.

செடி பிடிச்சப்புறமும் அதே ஆக்சின் கதைதான் ஓடுது. கொழுந்துல இருந்து இறங்குற ஆக்சின் பக்கத்து மொட்டுங்கள தூங்க வச்சிருக்கும், அதனால விட்டா செடி ஒத்தையா உயரமா போகும். நுனியக் கிள்ளினதும் மேல இருந்து வர்ற கட்டளை நின்னுபோயி கீழ இருக்குற ரெண்டு மூணு மொட்டும் ஒண்ணா முழிக்கும், அதுங்களும் வளர்ந்து அதுங்க நுனியையும் கிள்ளுனா நாலாகும் ஆறாகும். இலைய மட்டும் பறிச்சா செடி ஒத்தையாவே நிக்கும், கொழுந்தோட கிள்ளுனாதான் புதரா அடர்த்தியாகும். ஒரேயடியா மொட்டை அடிச்சிடாதீங்க, மூணுல ஒரு பங்கு எடுங்க போதும்.

தாய்ச்செடி தேர்ந்தெடுக்குறதுல மட்டும் அவசரம் கூடாது. குச்சில வர்றது பிள்ளை இல்ல, அதே செடிதான், நகல். இலை சுருண்டு மஞ்சள் திட்டா இருக்குற செடில வைரஸ் இருந்தா ஒவ்வொரு குச்சிலயும் அதுவும் கூடவே வரும்.

இப்பல்லாம் நான் வெட்டும்போதே கீழ்முனைய சாய்வாவும் மேல்முனைய நேராவும் வெட்டிடுறேன். சாய்வா வெட்டுனா நிறைய வேர் வரும்னு சொல்றாங்க, எனக்கு அதுல பெருசா நம்பிக்கை இல்ல, ஆனா எது கீழனு மறக்காது. அந்த ரெண்டு குச்சில ஒண்ணு காய்ஞ்சே போச்சு, இன்னொன்ன நகத்தால சுரண்டிப் பாத்தேன், உள்ள இன்னும் பச்சை இருந்துச்சு, அழுகுன நுனிய வெட்டிப் போட்டுட்டு திருப்பி நட்டு கவர் போட்டு மூடி வச்சேன். மூணாவது வாரம் ஒரு துளிர். நம்பாம லேசா இழுத்துப் பாத்தேன், வரல.