ஒரு பெயரின் பிறந்த ஊரைக் கண்டுபிடிப்பது எப்படி?

இங்கிலாந்தின் நாட்டிங்கம் நகருக்குத் தென்மேற்கே, டிரென்ட் ஆற்றங்கரையில் அட்டன்பரோ என்று ஓர் ஊர் இருக்கிறது. ஆற்றோரத்தில் சரளைக்கல் தோண்டியெடுத்த பள்ளங்களில் தண்ணீர் நின்று, பறவைகள் வந்து சேர, அந்த இடம் இயற்கைக் காப்பகமாகிவிட்டது. 1966இல் அதைத் திறந்துவைத்தவர் டேவிட் அட்டன்பரோ. விலங்குகளைப் பற்றிய தொலைக்காட்சித் தொடர்களால் உலகமே அறிந்த அவரேதான். ஊர்ப்பெயரும் ஆள்பெயரும் ஒத்துப்போனது தற்செயல் இல்லை. அவருடைய குடும்பப்பெயர் இந்த ஊரிலிருந்து கிளம்பிப் போனது.

‘கிளம்பிப் போனது’ என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அட்டன்பரோவில் குடியிருக்கிற எல்லோருமே அட்டன்பரோக்காரர்கள்தான். அங்கே ஒருவரை மட்டும் அப்படிக் கூப்பிட்டு என்ன பயன்? அவர் பிழைப்புத் தேடிப் பத்து மைல் தள்ளி இன்னோர் ஊரில் போய்க் குடியேறும்போதுதான், “எந்த ஜானைச் சொல்கிறாய்? அட்டன்பரோவிலிருந்து வந்தாரே, அந்த ஜானா?” என்ற பேச்சு வரும். ஆக, ஊர்ப்பெயரைச் சுமக்கும் குடும்பங்களைத் தேடுகிறவர் அந்த ஊருக்குள் தேடக் கூடாது, அதைச் சுற்றித் தேட வேண்டும்.

இந்த அடையாளம் அவரோடு முடிந்துபோயிருந்தால் அது வெறும் பட்டப்பெயர். அவருடைய மகன் அட்டன்பரோவைக் கண்ணால் பார்க்காதவனாக இருந்தும் அதே பெயரில் அழைக்கப்பட்டால், அன்றைக்குக் குடும்பப்பெயர் பிறந்துவிட்டது. இங்கிலாந்தில் இந்த வழக்கம் 1066இல் நார்மானியர்கள் நாட்டைப் பிடித்த பிறகு மேல்தட்டுக் குடும்பங்களில் தொடங்கியது. 1400 வாக்கில் பெரும்பாலான சாதாரணக் குடும்பங்களுக்கும் வந்துவிட்டது. ஊர், தொழில், தந்தையின் பெயர், உருவத்தையோ குணத்தையோ வைத்துச் சூட்டிய பெயர் என்று பெரும்பாலானவை இந்த நான்கில் ஒன்றிலிருந்து வந்தவை.

தொழில்பெயர்கள் பெருகியதற்குக் காரணம் எளிது. கொல்லர் இல்லாத ஊர் கிடையாது. அதனால் கொல்லரைக் குறிக்கும் ஸ்மித் என்ற பெயர் நூற்றுக்கணக்கான இடங்களில், ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாமல் முளைத்தது. அட்டன்பரோ அப்படி இல்லை. நாட்டிலேயே ஒரே ஓர் ஊருக்கு அந்தப் பெயர், அதுவும் சிறிய ஊர். அங்கிருந்து வெளியேறி, பெயரும் நிலைத்து, வம்சமும் தழைத்தவர்கள் எத்தனை பேர் இருந்திருக்க முடியும்? சிலர் இருக்கலாம், ஒரே ஒருவராகவும் இருக்கலாம்.

சரி, ஊரே தெரியாத ஓர் அபூர்வப் பெயர் கையில் கிடைத்தால் என்ன செய்வது? வரைபடம் போட வேண்டும். பிரிட்டனில் இதற்கு அதிகம் கைகொடுப்பது 1881ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அதன் கையெழுத்துப் பக்கங்கள் முழுவதையும் தன்னார்வலர்கள் வருடக்கணக்கில் உட்கார்ந்து படியெடுத்துக் கொடுத்தார்கள். யார், எத்தனை வயது, எங்கே வசித்தார், எங்கே பிறந்தார் என்று எல்லாமே அதில் உண்டு. ரயில் வந்து மக்கள் இடம்மாறத் தொடங்கியிருந்த காலம்தான். ஆனாலும் பழைய இருப்பின் சாயல் அன்று அழியவில்லை.

வரைபடம் போடும்போது முதலில் எல்லோரும் செய்யும் தப்பு ஒன்று உண்டு. ஒரு கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம்: ஓர் அபூர்வப் பெயர் லண்டனில் 60 பேருக்கும், நாட்டிங்கம்ஷயரில் 40 பேருக்கும் இருக்கிறது. அப்படியானால் அது லண்டன் பெயரா? 1881இல் லண்டனில் ஏறத்தாழ 38 லட்சம் பேர் இருந்தார்கள். நாட்டிங்கம்ஷயரில் 4 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. பத்து லட்சம் பேருக்கு எத்தனை என்று கணக்கிட்டால், லண்டனில் 16, நாட்டிங்கம்ஷயரில் 100. தலைகளை எண்ணினால் எந்தப் பெயரும் லண்டனுக்குத்தான் போய் நிற்கும், ஏனென்றால் எல்லோரும் அங்கேதான் போய்ச் சேர்ந்தார்கள். விகிதத்தைப் பார்த்தால்தான் பெயரின் வேர் எங்கே என்று தெரியும்.

கணினி வருவதற்கு வெகு முன்பே இதை யோசித்தவர் ஹென்றி கப்பி. மீன்தொட்டியில் நீந்தும் கப்பிக்குப் பெயர் கொடுத்தவர் இவர் இல்லை, அவர் வேறொரு கப்பி. நம் கப்பி 1890இல் பிரிட்டனின் குடும்பப்பெயர்களை மாவட்டம் மாவட்டமாகத் தொகுத்தபோது, ஊர்வாரியான முகவரிப் புத்தகங்களிலிருந்து விவசாயிகளின் பெயர்களை மட்டும் எடுத்துக்கொண்டார். நிலம் வைத்திருப்பவன் அவ்வளவு எளிதில் ஊரை விட்டு நகர மாட்டான் என்பதுதான் கணக்கு. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த யோசனை இது. எதை எண்ணக் கூடாது என்று தெரிந்து வைத்திருப்பது சாதாரண விஷயமில்லை.

1881இலிருந்து பின்னோக்கிப் போக ஏணி இருக்கிறது. 1837 முதல் பிறப்பு, திருமண, இறப்புகளை அரசு பதிவு செய்தது. அதற்கு முன்னால் தேவாலயப் பதிவேடுகள். எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் 1538இல் போட்ட உத்தரவால் தொடங்கியவை இவை. ஆனால் பின்னால் போகப்போக எழுத்துக்கூட்டல் படாதபாடு படுத்தும். பாதிரியார் காதில் எப்படி விழுந்ததோ அப்படியே எழுதினார். சொந்தப் பெயரையே மக்கள் ஒரே மாதிரி எழுதியதில்லை. ஷேக்ஸ்பியருடையவை என்று ஒப்புக்கொள்ளப்பட்ட கையெழுத்துகள் ஆறு இருக்கின்றன. அவற்றில் ஒன்றில்கூட இன்று நாம் ஆங்கிலத்தில் எழுதும் எழுத்துக்கூட்டல் இல்லை. ஆகவே இன்றைக்கு அபூர்வமாகத் தெரிகிற ஒரு பெயர், பரவலான இன்னொரு பெயரை யாரோ ஓர் எழுத்தர் தவறாகக் கேட்டு எழுதியதால் வந்ததாகவும் இருக்கக்கூடும்.

ஒரு பெயர் ஏன் அபூர்வமாக இருக்கிறது? பெயரைச் சுமப்பவர்களைக் கேட்டால், “பழைய பிரபு வம்சம், அதனால்தான்” என்று சிலர் சொல்லக்கூடும். இந்தப் பெருமையை நம்பியே குடும்பச் சின்னம் அச்சடித்து விற்கும் வியாபாரமும் நடக்கிறது. இங்கிலாந்தில் அந்தச் சின்னம் தனி மனிதருக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் வழங்கப்படுவது, பெயருக்கு வழங்கப்படுவது அல்ல. அபூர்வத்துக்கு உண்மையான காரணம் பெரும்பாலும் நாணயம் சுண்டுவது போன்ற குருட்டு அதிர்ஷ்டம்.

உண்மையிலேயே சுண்டிப் பார்க்கலாம். நூறு ஆண்கள், ஆளுக்கொரு பெயராக நூறு பெயர்கள். ஒவ்வொருவரும் இரண்டு நாணயங்களைச் சுண்டுகிறார்கள். தலை விழுந்தால் ஒரு மகன் வளர்ந்து குடும்பம் நடத்துகிறான். இரண்டும் தலை என்றால் இரண்டு மகன்கள், இரண்டும் பூ என்றால் ஒருவரும் இல்லை. சராசரியாக ஆளுக்கு ஒரு மகன், அதனால் மொத்த எண்ணிக்கை கூடப்போவதும் இல்லை, குறையப்போவதும் இல்லை. ஆனால் பெயர்களைப் பாருங்கள். முதல் தலைமுறையிலேயே சுமார் 25 பெயர்கள் போய்விடும். மூன்றாம் தலைமுறையில் 48 போயிருக்கும். பத்தாம் தலைமுறைக்கு வரும்போது 74 பெயர்கள் இருந்த இடம் தெரியாது. மிஞ்சிய 26 பெயர்களை அதே நூறு பேர் பங்கு போட்டுக்கொள்வார்கள். பெயருக்கு நான்கு பேர் என்பது சராசரிதான். நிஜத்தில் சில பெயர்கள் வீங்கியிருக்கும், சில ஒற்றை ஆளோடு ஊசலாடும். அந்த ஒற்றை ஆள்தான் நாம் பேசுகிற அபூர்வப் பெயர்க்காரர். அவருடைய முன்னோர்கள் செய்த குற்றமோ புண்ணியமோ எதுவும் இதில் இல்லை.

இந்தக் கேள்வியை 1873இல் பகிரங்கமாக எழுப்பியவர் ஆங்கில அறிவியலாளர் பிரான்சிஸ் கால்டன். புகழ்பெற்ற குடும்பங்கள் ஏன் இப்படி மறைந்துபோகின்றன என்ற கவலை அவருக்கு. பதில் கணக்கை எழுதியவர் ஹென்றி வாட்சன் என்ற பாதிரியார். முறை அருமை, முடிவு தப்பு. எல்லாப் பெயர்களும் கடைசியில் அழிந்தே தீரும் என்று எழுதிவிட்டார். மகன்களின் சராசரி ஒன்றைத் தாண்டினால் ஒரு பெயர் என்றென்றைக்கும் தப்பிப் பிழைக்க வாய்ப்பு உண்டு. அவருடைய சமன்பாட்டுக்கு இரண்டு விடைகள், அவர் கண்ணில் பட்டது ஒன்றுதான். பிரெஞ்சுக்காரர் பியனேமே 1845இலேயே இதைச் சரியாகச் சொல்லியிருந்தார், யாரும் கவனிக்கவில்லை. இன்று அணுக்கருத் தொடர்வினைக்கும் தொற்றுநோய்ப் பரவலுக்கும் பயன்படும் இந்தக் கணக்கைக் கால்டன்-வாட்சன் முறை என்றே அழைக்கிறார்கள். பெயர்கள் மறைவதைப் பற்றிய கணக்கில் பியனேமேயின் பெயரே மறைந்துபோனது!

ஜனத்தொகை பெருகும் நாட்டில்கூட தப்பிப்பது எளிதில்லை. 1920ஆம் ஆண்டு அமெரிக்கப் புள்ளிவிவரங்களை வைத்துக் கணிதவியலாளர் ஆல்ஃப்ரெட் லோட்கா கணக்கிட்டார். ஒற்றை ஆணிடம் தொடங்கும் ஒரு பெயர் என்றாவது ஒருநாள் அற்றுப்போகும் வாய்ப்பு 80 சதவீதத்துக்கும் மேல் என்று வந்தது.

ஆக, குடும்பப்பெயர் வழக்கம் எவ்வளவு பழையதோ அவ்வளவுக்குப் பெயர்கள் தேய்ந்திருக்க வேண்டும். கொரியாவில் பழைய வழக்கம். 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 300க்கும் குறைவான பெயர்களே அங்கே இருந்தன, ஐந்தில் ஒருவர் கிம். ஜப்பானில் எல்லோருக்கும் குடும்பப்பெயர் கட்டாயமானது 1875இல்தான், அங்கே ஒரு லட்சத்துக்கும் மேல் பெயர்கள். இதற்கு முழுக்க நாணயத்தையே காரணம் சொல்லிவிட முடியாது. கொரியாவில் எளிய மக்கள் பெரிய குலங்களின் பெயர்களை எடுத்துக்கொண்டதும் சேர்ந்துதான் இந்த நிலை.

இடமாற்றம் அதிர்ஷ்டத்தை இன்னொரு விதமாகக் கலைத்துப் போடும். தெற்கு அட்லான்டிக்கில் டிரிஸ்டன் ட குன்யா என்று ஒரு தீவு, சுமார் 250 பேர். நெடுங்காலம் அங்கே ஏழே குடும்பப்பெயர்கள்தான் புழங்கின. அவற்றில் லாவரெல்லோ, ரெப்பெட்டோ என்ற இரண்டும் இத்தாலியின் கமோலி ஊர்க்காரர்களுடையவை. 1892இல் அவர்கள் வந்த கப்பல் உடைந்து அங்கேயே தங்கிவிட்டார்கள். கிரீன் என்ற பெயரைப் பார்த்து ஆங்கிலேயர் என்று நினைப்போம். அது க்ரூன் என்ற டச்சு மாலுமியின் பெயர், ஆங்கிலத்துக்கு மாறிக்கொண்டது. வரைபடத்தில் ஒரு பெயர் எங்கே அடர்த்தியாக இருக்கிறதோ அதுதான் அதன் பிறந்த இடம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் இங்கே மாட்டிக்கொள்வோம்.

காகிதம் தீர்ந்துபோகும் இடத்தில் மரபணு வருகிறது. ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு ஏறக்குறைய மாறாமல் போகும், இங்கிலாந்தில் குடும்பப்பெயரும் அதே பாதையில்தான் போனது. இரண்டும் ஒன்றாகவே பயணம் செய்திருக்கின்றனவா? ஆக்ஸ்ஃபோர்டு மரபணுவியலாளர் பிரையன் சைக்ஸ் இதைச் சொந்தப் பெயரிலேயே சோதித்துப் பார்த்தார். சைக்ஸ் என்றால் சிற்றோடை. யார்க்‌ஷயரில் ஓடைக்குப் பஞ்சமில்லை, அதனால் பலரிடமிருந்து தொடங்கிய பெயராக இருக்கும் என்றுதான் எதிர்பார்ப்பு. 2000இல் வெளியான முடிவு வேறு மாதிரி இருந்தது. பரிசோதித்த 48 ஆண்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களிடம் ஒரே வகை ஒய் குரோமோசோம்.

2009இல் லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் டூரி கிங்கும் மார்க் ஜோப்லிங்கும் 40 குடும்பப்பெயர்களை எடுத்துக்கொண்டு 1,678 ஆண்களைப் பரிசோதித்தார்கள். ஸ்மித் பெயர்க்காரர்கள் தங்களுக்குள் எந்த உறவும் இல்லாதவர்களைப் போலவே இருந்தார்கள். நூற்றுக்கணக்கான கொல்லர்கள் அல்லவா! பெயர் எவ்வளவு அபூர்வமோ அவ்வளவு நெருக்கம். அட்டன்பரோக்களில் பத்துக்கு ஏறத்தாழ ஒன்பது பேரிடம் ஒரே வகை.

அப்படியானால் அட்டன்பரோவிலிருந்து கிளம்பியது ஒரே ஓர் ஆள்தானா? இங்கேதான் நாணயத்தை மறக்கக் கூடாது. ஐந்து பேர் கிளம்பி, அதில் நான்கு பேரின் வம்சம் இடையில் அற்றுப்போயிருந்தாலும் இன்று நமக்குத் தெரிவது ஒரே வகைதான். இதை அந்த ஆய்வாளர்களே சுட்டிக்காட்டினார்கள். மரபணு காட்டுவது மிஞ்சியவர்களின் தந்தையை, கிளம்பியவர்கள் எல்லோரையும் அல்ல. அப்புறம், மீதமுள்ள பத்தில் ஒருவர்? தத்துப்பிள்ளை, தாயின் பெயரைப் பெற்ற குழந்தை, வெளியே சொல்லாமல் விடப்பட்ட உறவு என்று எத்தனையோ வழிகளில் பெயரும் குரோமோசோமும் பிரிந்துபோகும்.

சில சமயம் இந்தத் தேடல் யாரும் கேட்காத கதையைக் கொண்டுவந்து போடும். 2007இல் அதே லெஸ்டர் குழு, கிழக்கு யார்க்‌ஷயரின் அபூர்வப் பெயர் ஒன்றைச் சேர்ந்த 18 ஆண்களைப் பரிசோதித்தது. அவர்களில் 7 பேரிடம் இருந்தது, அதுவரை மேற்கு ஆப்பிரிக்காவோடு மட்டுமே தொடர்புபடுத்தப்பட்ட மிக அரிய ஒய் குரோமோசோம் வகை. பார்வைக்கு எல்லோரும் சாதாரண யார்க்‌ஷயர்க்காரர்கள். ஆப்பிரிக்க மூதாதை பற்றிய குடும்பக் கதை எதுவும் அவர்களிடம் கிடையாது. ஆவணங்களைத் தோண்டியபோது இரண்டு குடும்ப மரங்கள் கிடைத்தன, இரண்டும் 1780களின் யார்க்‌ஷயரில் போய் நின்றன. அந்த ஆப்பிரிக்க மூதாதை அடிமை வியாபாரக் காலத்தில் வந்தாரா, ரோமப் படையோடு அதற்கும் வெகு முன்பே வந்தாரா என்பதைக் குரோமோசோம் சொல்லவில்லை.

ஆய்வுக் கட்டுரையில் அந்தக் குடும்பப்பெயரை முழுதாக அச்சிடவில்லை. ஸ்மித்தாக இருந்திருந்தால் தாராளமாக அச்சிட்டிருக்கலாம், யாரென்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. இது அப்படிப்பட்ட பெயர் இல்லை. தொலைபேசிப் புத்தகத்தைப் புரட்டினால் ஆளையே பிடித்துவிடலாம்.