ஸ்பீட் 94-லேயே நிற்கிறதா? ரவுட்டர் கடைக்கு ஓடாதீர்கள்

வீடுகளில் நெட் கேபிள் வேலை பார்ப்பவன் நான். ஸ்பீட் வரவில்லை என்று கூப்பிட்டதில், இந்த மாதத்தில் இது நான்காவது வீடு. கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் பக்கம், பால்காய்ச்சு முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. "தம்பி, மாசாமாசம் 300 எம்பிபிஎஸ் ஸ்பீடுக்கு ரூபா கட்டுதேன். ஆறு ஆன்டெனா வச்ச ரவுட்டரும் வாங்கியாச்சு. பெறவும் மாடியில 94தான் காட்டுது" என்றார் வீட்டுக்காரர். அது மூன்றாவது ரவுட்டர். முதல் இரண்டும் அட்டைப்பெட்டியோடு அலமாரியில் இருந்தன.

கீழே ஃபைபர் பெட்டியில் லேப்டாப்பை நேராக மாட்டினேன்: 290-க்கு மேல். மாடிச் சுவரில் இருக்கும் லேன் பாயின்டில் மாட்டினேன்: 94. மறுபடியும் 94. எங்கள் தொழிலில் இந்த எண்ணைப் பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. வழியில் எங்கோ இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கியிருக்கிறது. வீட்டுக்குள் நெட்டைக் கொண்டுபோகும் லேன் கேபிளில் எட்டு கம்பி உண்டு. 100-க்கு நாலு போதும், ஜிகாபிட்டுக்கு, அதாவது 1000 எம்பிபிஎஸ்ஸுக்கு, எட்டும் வேண்டும்.

பாயின்டைக் கழற்றியதும் பிரவுன் கம்பி கையோடு வந்தது. பக்கத்துக் கம்பியைப் பிளேடால் சுரண்டினேன். செம்பு நிறம் போய் வெள்ளை தெரிந்தது. அலுமினியத்துக்குச் செம்பு முலாம்! கடையில் சிசிஏ என்பார்கள். விலை குறைவு, எடை குறைவு. இரண்டு தடவை வளைத்தால் ஒடிந்துவிடும். மின்தடையும் செம்பைவிட அதிகம் என்பதால், அதே கேபிளில் கேமராவுக்குக் கரண்டும் கொடுத்தால் தொல்லைதான். கொளச்சல், முட்டம் பக்கம் உப்புக்காற்றுக்கு இது எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லவே வேண்டாம். இதைச் சுவருக்குள் விட்டுப் பூசியும் முடித்தாயிற்று. உருவிப் பார்த்தோம், வரவில்லை. புது பெயின்டின் மேல் கேசிங் பட்டை அடித்துத்தான் வேறு கேபிள் இழுத்தோம். வீட்டுக்காரர் முகத்தை நான் பார்க்கவில்லை.

இந்த ஆன்டெனா மோகத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு காலத்தில் திருவனந்தபுரம் தூர்தர்ஷனுக்காக மொட்டை மாடியில் ஏறி ஆன்டெனாவைத் திருப்பிய ஊர் நம்முடையது. அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. ஐயா, ரவுட்டரின் ஆன்டெனா வெளியிலிருந்து நெட்டைப் பிடித்து இழுப்பதில்லை. நெட் ஃபைபரில் வருகிறது. ஆன்டெனாவின் வேலை வீட்டுக்குள் உங்கள் போனோடு பேசுவது மட்டும். பெரும்பாலான போன்களுக்குள் இருப்பதே இரண்டு ஆன்டெனா. இந்தப் பக்கம் ஆறு கொம்பு நின்றாலும், போன் தன் இரண்டை வைத்துத்தான் பேசும். இன்னொன்று, கொம்பு ஆறு இருந்தும் பின்னால் கேபிள் செருகும் போர்ட் 100 எம்பிபிஎஸ் மட்டுமே என்கிற ரவுட்டர்கள் தாராளமாக விற்கின்றன. அவர் அலமாரியில் இருந்த இரண்டில் ஒன்று அந்த ரகம். பெட்டியில் 10/100 என்று மட்டும் போட்டிருந்தால் கீழே வைத்துவிடுங்கள். 10/100/1000 வேண்டும். லேன் கேபிளைப் பல இடத்துக்குப் பிரிக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச்சுக்கும் இதே கதை.

வீடு கட்டுகிறவர்களே, பூச்சு வேலைக்கு முன் கேபிளை நீங்களே வாங்குங்கள், எலக்ட்ரீஷியன் தலையில் கட்டாதீர்கள். கேட்-6 என்கிற தரத்தில், முழுச் செம்பு லேன் கேபிள் போதும். கடையிலேயே ஒரு முனையைச் சுரண்டிப் பாருங்கள், கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். கேட்-8 என்று தட்டையாக விற்பதற்குப் பணத்தைக் கொட்ட வேண்டாம். கேட்-6 கேபிளே 55 மீட்டர் வரை 10 ஜிகாபிட் தாங்கும், உங்கள் மாடி அவ்வளவு தூரமில்லை. கரண்ட் ஒயர் போகும் பைப்பிலேயே இதையும் திணிக்காதீர்கள். தனி பைப் போடுங்கள், அறைக்கு இரண்டு கேபிளாக இழுங்கள். வெளிச்சுவரில் போவதாக இருந்தால் வெயில் தாங்கும் கறுப்பு உறை கேபிள்.

அப்புறம், நமக்கு இரண்டு மழையும் உண்டு, இடியும் உண்டு. இடி வரும்போல இருந்தால், அது தொடங்கும் முன்பே ரவுட்டரின் அடாப்டரை மட்டும் பிடுங்கிவிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். வெளியே கேமராவுக்கோ பக்கத்துக் கட்டடத்துக்கோ போகும் லேன் கேபிளையும் கழற்றிவிடுங்கள், தயவுசெய்து. ஃபைபர் நுனியை மட்டும் தொட வேண்டாம். அதைப் பிடுங்கி, வேட்டியில் துடைத்து மாட்டினால், மறுநாள் காலை என்னைத்தான் கூப்பிடுவீர்கள்.